அத்தர் வாங்கப் போகிறீர்களா?

ஊருக்கு ரயில் ஏறுமுன் மும்பை முகமது அலி சாலையில் அத்தர் வாங்கும் தமிழர் உண்டு. வியர்வை சிந்திச் சேர்த்த காசு. புட்டி மூடியை மட்டும் முகர்ந்து ஏமாறக் கூடாது. மணிக்கட்டில் ஒரு துளி தடவி, அரை மணி நேரம் உலாவிவிட்டு மீண்டும் முகர வேண்டும். முதல் மணம் பறந்துவிடும். பின்னால் நிற்பதே சரக்கின் குணம்.

உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செம்பு அண்டாவில் பூவை வேகவைத்து, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். சந்தனம் விலையேறியதால் திரவப் பாரபினில் இறக்குவதும் உண்டு. மலிவு விலைக்குச் சந்தன அத்தர் கிடைக்காது.

சட்டையில் கொட்டினால் கறை. காதுக்குப் பின்னால் ஒரு துளி போதும். ஜன்னலோர வெயிலில் வைத்தால் மணம் கெடும். மூடியை இறுக்கித் துணியில் சுற்றி, கட்டிலடிப் பெட்டியில் வைக்கலாம். ஊரில் பெட்டியைத் திறக்கும்போது மணக்க வேண்டுமல்லவா?