ராம் நிரம்பினால் என்ன நடக்கிறது?

லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் ஒருமுறையாவது பதறுவார்கள். ராம் 8 ஜிபி, திறந்திருப்பது பிரவுசர் மட்டும். ஆனால் 'ஃப்ரீ' என்று கட்டளை கொடுத்தால் சில நூறு எம்பிதான் காலி என்கிறது. மீதி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அதே வரியில் 'பஃப்/கேச்' என்று இன்னொரு எண் இருக்கிறதே, பெரும்பகுதி அதில்தான் இருக்கும்.

டிஸ்க்கிலிருந்து படித்த கோப்பின் நகலை லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் ராமிலேயே வைத்துக்கொள்கிறது. ராமைத் தொடச் சுமார் 100 நானோநொடி போதும். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பல மில்லிநொடி ஆகும். பல்லாயிரம் மடங்கு வித்தியாசம். லிப்ரே ஆபீஸை மூடிவிட்டு உடனே மறுபடி திறந்தால் சட்டென்று வருவது இதனால்தான். இடம் தேவைப்பட்டால் இந்த நகல்களில் பெரும்பாலானவற்றை உதறிவிடலாம். ஆகவே பார்க்க வேண்டிய எண் 'ஃப்ரீ' அல்ல, 'அவைலபிள்'. தேவைப்பட்டால் எவ்வளவு கிடைக்கும் என்ற இந்த மதிப்பீட்டை 2014-இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து கெர்னலே தருகிறது.

உண்மையிலேயே இடம் குறைந்தால்? நினைவகம் பெரும்பாலும் 4 கேபி பக்கங்களாகப் பிரிந்திருக்கிறது. பின்னணியில் ஓடும் 'கேஸ்வாப்டி', அண்மையில் யாரும் தொடாத பக்கங்களைத் தேடும். டிஸ்க்கில் உள்ளபடியே இருக்கும் கோப்புப் பக்கத்தை அப்படியே விட்டுவிடலாம். மாற்றப்பட்டதென்றால் முதலில் டிஸ்க்கில் எழுத வேண்டும். சிக்கல் மூன்றாவது வகையில். நிரல் ஓடும்போது தானே உருவாக்கிக்கொண்ட தரவுக்கு எந்தக் கோப்பிலும் நகல் கிடையாது. அதை வெளியே வைக்க ஒரே இடம், வழக்கமாக டிஸ்க்கில் இதற்கென்றே ஒதுக்கப்படும் ஸ்வாப்.

"ஸ்வாப் வந்தாலே கணினி மந்தமாகும்" என்று அதை அடியோடு அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலான கணினிகளுக்கு இது தவறான வைத்தியம் என்பேன். ஸ்வாப் இல்லாவிட்டால், காலையில் திறந்து மறந்துபோன டேபின் தரவைக்கூட வெளியேற்ற வழியில்லை. கெர்னல் வேறு வழியின்றிக் கோப்புப் பக்கங்களை உதறும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கட்டளைகளும் கோப்புப் பக்கங்களே! உதறிய கட்டளை அடுத்த கணமே தேவைப்படும்; மறுபடி டிஸ்க்; மறுபடி உதறல். மவுஸ் உறைந்து நிற்க, டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரியும்.

ஸ்வாப் இருந்தாலும் ஒரே நேரத்தில் தேவைப்படும் பக்கங்கள் ராமைவிட அதிகமானால் இதே கதிதான். 'த்ராஷிங்' எனப்படும் இந்த நிலையின் காரணத்தை பீட்டர் டென்னிங் 1968-லேயே விளக்கிவிட்டார். அதற்கும் மேலே போனால் 'ஊம் கில்லர்' முக்கியமாக நினைவகப் பயன்பாட்டை வைத்து மதிப்பெண் போட்டு ஒரு நிரலைக் கொன்றுவிடும். சேமிக்காத வேலையும் அதோடு போகும். ஆண்ட்ராய்டு போன்களில் ராமின் ஒரு பகுதியிலேயே பக்கங்களைச் சுருக்கி வைக்கும் 'இசட்ராம்' இந்த நெருக்கடியைத் தள்ளிப்போடுகிறது.

கணினி திணறுகிறதா? 'விஎம்ஸ்டாட் 1' என்று கொடுங்கள். கணினி தொடங்கியதிலிருந்து உள்ள சராசரியைக் காட்டும் முதல் வரியை விட்டுவிட்டு 'எஸ்ஐ' (ஸ்வாப்பிலிருந்து ராமுக்கு வருவது), 'எஸ்ஓ' (ராமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது) எண்களைக் கவனியுங்கள். எப்போதாவது எட்டிப்பார்த்தால் கவலை வேண்டாம். இரண்டும் இடைவிடாமல் ஓடினால் சில நிரல்களை மூடுங்கள், அல்லது ராம் வாங்குங்கள். ஸ்வாப்பை மட்டும் அணைக்காதீர்கள்.