சிசுவின் செவித்திறன்

எழுத்திலே சொற்களுக்கிடையே இடைவெளி உண்டு. பேச்சிலோ ஒலிகள் இடையறாது ஓடுகின்றன. அவ்வோட்டத்தில் சொற்களைச் சிசு எங்ஙனம் பிரித்தறிகின்றது?

1996ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றொச்செஸ்ரர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், மூன்று அசைகள் கொண்ட பொருளற்ற சொற்கள் நான்கினைக் கலந்து, இடைநிறுத்தமின்றி 2 நிமிடம் எட்டுமாதக் குழந்தைகளுக்குக் கேட்பித்தனர். பின்னர் அச்சொற்களையும், அதே அசைகளை வேறு வரிசையிற் கோத்தவற்றையும் ஒலித்தபோது, புதியவற்றையே குழந்தைகள் நெடுநேரம் செவிமடுத்தன. பழகியதை அவை இனங்கண்டமைக்கு இதுவே சான்று.

"அம்மா வா", "அம்மா எங்கே" என்கையில், "அம்" என்பதை "மா" தவறாது தொடர்கின்றது. "மா"வைத் தொடர்வதோ மாறுகின்றது. இத்தகைய வேறுபாட்டைக் கொண்டே சொல் முடியுமிடத்தைக் குழந்தை உய்த்துணர்கின்றது.

ஆதலால் பெற்றோரே, "பாலகனுக்கு என்ன விளங்கும்?" என்று வாளாவிராதீர்கள். வாய் பேசுமுன்பே செவி கற்கத் தொடங்கிவிடுகின்றது.