அன்று ஆடினால் குற்றம்.. இன்று அதிலேயே சாம்பியன்! கில்கென்னி நகரத்தின் கதை தெரியுமா?

ஒரு விளையாட்டை ஆடவே கூடாதுன்னு சட்டம் போட்ட ஊர், பிற்காலத்தில் அந்த விளையாட்டாலேயே பேர் வாங்கினா எப்படி இருக்கும்? அயர்லாந்தின் கில்கென்னியில் நடந்தது அதுதான்.

எங்கே இருக்கு?

டப்ளினுக்குத் தென்மேற்கே, நோர் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன நகரம். மக்கள்தொகை சுமார் 27 ஆயிரம்தான். ஒரு முனையில் கோட்டை, மறுமுனையில் புனித கனிஸ் பேராலயம். 1609-ல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் நகர அந்தஸ்து கொடுத்தார்.

என்ன சட்டம் அது?

12-ம் நூற்றாண்டில் அயர்லாந்தைப் பிடித்து குடியேறியவர்களின் வாரிசுகள், நாளடைவில் ஐரிஷ் பேசி, ஐரிஷ் வீடுகளில் பெண் எடுத்து உள்ளூர்க்காரர்களாகவே மாறிட்டாங்க. இங்கிலாந்து அரசுக்கு இது பிடிக்கல. 1366-ல் மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகன் லயோனல் தலைமையில் கில்கென்னியில் நாடாளுமன்றம் கூடியது. ஆங்கிலேயக் குடியேறிகளுக்கு விதித்த தடைகள்:

• ஐரிஷ் மொழி பேசக் கூடாது. ஐரிஷ் பெயர் வைக்கக் கூடாது

• ஐரிஷ் மக்களோடு திருமண உறவு கூடாது

• மட்டையால் பந்தடிக்கும் 'ஹர்லிங்' ஆடக் கூடாது, வில்வித்தை பழகணும்

இதில் வேடிக்கை என்னன்னா, 'ஆங்கிலம்தான் பேசணும்'னு சொன்ன இந்தச் சட்டம் எழுதப்பட்டதே பிரெஞ்சு மொழியில்!

சட்டம் பலித்ததா?

உடனடியாக இல்லை. யாரும் பெருசா கண்டுக்கல. 1642-ல் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் தங்கள் சொந்த அரசை இதே ஊரில்தான் அமைத்தார்கள். 1650-ல் குரோம்வெல் படை நகரைப் பிடித்தது. அதன்பின் நிலப்பறிப்பு, 1840-களின் பெரும் பஞ்சம், பிழைக்க ஆங்கிலம் வேணும் என்ற நிலை. சட்டத்தால் முடியாததை இவை செய்து முடித்தன. இன்று கில்கென்னியின் அன்றாடப் பேச்சு ஆங்கிலம்தான். ஐரிஷ் பள்ளிப் பாடமாக இருக்கு.

ஹர்லிங் என்ன ஆச்சு?

அது மட்டும் அழியல. ஒரு அணிக்கு 15 பேர், கையில் மர மட்டை, காற்றில் சீறிப் பாயும் சின்ன பந்து. அகில அயர்லாந்து ஹர்லிங் பட்டத்தை கில்கென்னி மாவட்ட அணி 36 முறை வென்றிருக்கு. வேறு எந்த மாவட்டமும் இத்தனை முறை ஜெயித்ததில்லை. 2006 முதல் 2009 வரை தொடர்ந்து 4 பட்டங்கள்!

பேச்சு போனது, பந்து நின்றது. போட்டி நாளில் கருப்பு-மஞ்சள் கொடி பறக்கும் கில்கென்னி தெருக்களில் இப்போ தெரிவது, 1366-ல் தடுக்க நினைத்த அதே ஐரிஷ் அடையாளம்தான்.