துண்டு துண்டாய் வரும் தொலைக்காட்சித் தொடர்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர் நம் முன்னோர். கணினி உலகில் இதற்கோர் எடுத்துக்காட்டு, துண்டுகளாக்கப்பட்ட சுருக்கக் கோப்பு ஆகும்.

தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பதிவு 6 ஜிகாபைட் அளவில் ஒரே கோப்பாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 8 ஜிகாபைட் பென் டிரைவில் ஏற்ற முயன்றால், இடமிருந்தும் ஏற்க மறுக்கலாம். காரணம் என்ன? பல பென் டிரைவ்களில் உள்ள ஃபேட்32 என்னும் அமைப்பு, கோப்பின் அளவை 32 இரும இலக்கங்களில் குறித்து வைக்கிறது. ஆகவே 4 ஜிகாபைட்டை எட்டும் எந்தத் தனிக் கோப்பும் அதில் அடங்காது. அதனையே ஆறு துண்டுகளாக்கினால் எளிதில் ஏறிவிடும். ரஷ்யரான யூஜின் ரோஷல் 1993-இல் உருவாக்கிய 'ரார்' முறை இப்பணிக்குப் பெயர் பெற்றது.

சுருக்குவது எவ்வாறு? 1977-இல் லெம்பல், ஸிவ் என்னும் அறிஞர்கள் ஒரு வழி கண்டனர். முன்பு வந்த பகுதி மீண்டும் வந்தால், அதைத் திரும்ப எழுதாமல், 'இத்தனை இடம் பின்னே பார்' என்ற குறிப்பை மட்டும் எழுதுவதே அவ்வழி. ஆதலால் மூன்றாம் துண்டு முன்னிரண்டையும் எதிர்பார்த்து நிற்கும். காட்சிப் பதிவு ஏற்கெனவே சுருக்கப்பட்டதாகையால் அதன் அளவு அதிகம் குறையாது. பிரிப்பதும் சரிபார்ப்பதுமே இங்குப் பெரும்பயன்.

இனி விரிக்கும் முறையைக் காண்போம். எல்லாத் துண்டுகளையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். பெயர்களை மாற்றாதீர்கள். வட்டில் மேலும் 6 ஜிகாபைட் இடம் காலியாக இருக்கட்டும். பின்பு முதல் துண்டை மட்டும் திறந்தால் போதும். மற்றவற்றை மென்பொருள் தானே வரிசையாக எடுத்துக்கொள்ளும். விரித்தபின் சரிபார்ப்பு எண் பொருந்தாவிடில் பிழை அறிவிக்கப்படும். பழுதான துண்டை மட்டும் மீண்டும் நகலெடுத்தால் போதுமானது.

தோழியரே, ஒரு வேண்டுகோள். விரித்த பதிவை ஓட்டிப் பார்க்கும் முன் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். ஒரு துண்டு தொலைந்தாலும், முன்கூட்டியே மீட்புத் துண்டு செய்து வைத்திராவிட்டால், முழுப் பதிவும் திரும்பக் கிடைக்காது. தொடர் என்று வந்த பொதிக்குள் '.இஎக்ஸ்இ' என முடியும் கோப்பு இருந்தால் அதைத் திறவாதீர்கள். அது கணினிக்குக் கேடு செய்யலாம். பிறர் உழைத்து எடுத்த தொடரை அனுமதியின்றிப் பகிர்வதும் தவறே. நமக்கு உரிமையுள்ள பதிவுகளை மட்டும் பகிர்ந்து, பத்திரமாகக் காத்து மகிழ்வோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி