பூச்செடியில் பூச்சியா? முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள்

பெங்களூரில் தமிழர்கள் குடியிருக்கும் பல வீடுகளில் தோட்டம் போட இடம் கிடையாது. ஆனாலும் மாடிப்படியிலும் சன்னல் ஓரத்திலும் நாலு தொட்டி வைத்து ரோஜா, செம்பருத்தி, மல்லிகை வளர்ப்பவர்கள் உண்டு. சாமிக்கும் தலைக்கும் வீட்டுப் பூவே கிடைத்தால் மாதச் செலவில் கொஞ்சம் மிச்சம்.

செடியில் பூச்சி விழுந்தால் பலரும் செய்வது ஒன்றுதான். கடையில் 'பூச்சி மருந்து' என்று பொதுவாகக் கேட்டு வாங்கி வந்து தெளிக்கிறார்கள். எந்தப் பூச்சி என்று பார்ப்பதில்லை. காசு வீணாவதோடு, குழந்தைகள் விளையாடும் ஓரறை வீட்டுக்குள் விஷமும் வந்து சேருகிறது.

பூச்சியை அடையாளம் காண்பது கடினமல்ல. ரோஜாவின் இளந்துளிரில் குண்டூசித் தலை அளவில் பச்சையாகவோ கறுப்பாகவோ கூட்டமாக அப்பியிருப்பது அசுவினி. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

செம்பருத்திக் கணுக்களில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. அது கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் காவல் நிற்கும். எனவே எறும்பையும் விரட்ட வேண்டும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் பூச்சியைத் துடைத்தெடுக்கலாம். முற்றிப்போன கிளையை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துவது நல்லது.

மல்லிகை மொட்டு ஊதா நிறமாகி, துளை விழுந்திருந்தால் உள்ளே மொட்டுப்புழு இருக்கிறது. அந்த மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிட வேண்டும்.

இலையில் வெளிறிய புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் அது செஞ்சிலந்தி. இது பூச்சி இனமே அல்ல, சிலந்திக்கு உறவு. பூச்சி மருந்து அடித்தால் இதைத் தின்னும் உயிர்கள் மடிந்து, இது இன்னும் பெருகுவதுண்டு. வெயில் காலத்தில் இலையின் அடிப்பக்கம் நனையத் தண்ணீர் தெளித்து வந்தால் குறையும்.

அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் வேப்பெண்ணெய் கைகொடுக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் நன்கு கலந்து, மாலையில் வாரம் ஒருமுறை தெளிக்கலாம்.

செடியில் காணும் எல்லாமே பகையல்ல. பொறிவண்டும் அதன் புழுவும் அசுவினியைத் தின்பவை. அவற்றைக் கொல்லக் கூடாது. 2008-இல் கோவைப் பக்கம் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பரவியது. மருந்துகளால் அதை அடக்க முடியவில்லை. பெங்களூரிலுள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியே அதைக் கட்டுப்படுத்தியது.

மருந்து வாங்கியே தீர வேண்டுமென்றால், புட்டியின் மேலுள்ள வண்ண அடையாளத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை அவற்றிலும் குறைந்தது. லேபிள் இல்லாமல் சில்லறையாக வாங்குவதோ, குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பதோ கூடவே கூடாது. தொட்டிச் செடி போனால் இன்னொன்று நடலாம். அந்தப் புட்டியைக் குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் என்ன செய்வது?