செவிலிமேட்டுத் தறியிலிருந்து டோக்கியோவுக்கு!



ஜப்பான் என்ற பெயர் காஞ்சிபுரத்து மக்களுக்குப் புதிதல்ல. 2010-இல் ஒரகடத்திலே நிசான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டபோதே, “ஜப்பானிய மொழி தெரிந்தால் வேலை” என்ற பேச்சு நம் தெருக்களிலே உலவ ஆரம்பித்துவிட்டது. பேச்சு வளர்ந்தது. இப்போது தரகர் வாசற்படி ஏறி வருகிறார். “பையனை ஜப்பானுக்குப் படிக்க அனுப்புங்கள். படித்துக்கொண்டே சம்பாதிப்பான். கட்டணமும் கட்டுவான், கடனையும் அடைப்பான், வீட்டுக்கும் அனுப்புவான்!” என்கிறார்.

செவிலிமேட்டிலே குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் தகப்பனுக்கு இது தேனாக இனிக்காதா? தன் முதுகு வளைந்தது போதும், பிள்ளை முதுகாவது நிமிரட்டும் என்று எண்ணுவது குற்றமா? குற்றமே அல்ல. கடல் கடந்தால் சாதி கெடும் என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது. போகட்டும், படிக்கட்டும். ஆனால், வீட்டுப் பத்திரத்தை அடகுக்காரனிடம் நீட்டுவதற்கு முன்னால், அந்தப் பிள்ளையின் ஒரு நாள் அங்கே எப்படி விடிந்து எப்படி அடைகிறது என்பதைக் கேட்டுவிட்டு நீட்டுங்கள் என்கிறோம் நாம்.

விமான நிலையத்திலேயே கையில் ஒரு குடியிருப்பு அட்டை தருவார்கள். வீடு பிடித்த 14 நாட்களுக்குள் வட்டார அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். மருத்துவக் காப்பீட்டிலும் அங்கேயே சேர்ந்தாக வேண்டும். மாணவனானாலும் விலக்கில்லை. ஆனால் நோய் வந்தால் செலவிலே 100-க்கு 30 மட்டுமே அவன் கொடுப்பது. இதை நாம் மெச்சுகிறோம். நம் நாட்டிலே காய்ச்சல் வந்தால் மருந்துக் கடைக்கும் வட்டிக் கடைக்கும் சேர்ந்தல்லவா நடக்கிறோம்!

வீடு பிடிப்பது எளிதன்று. முன்பணம் உண்டு. சில இடங்களில் வீட்டுக்காரருக்கு ‘நன்றிப் பணம்’ என்று ஒன்று. திரும்பி வராத பணம் அது. போதாக்குறைக்கு ஜாமீன் கையெழுத்து வேண்டும். அயல்நாட்டான் என்றதும் கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு. இவ்வளவும் தாண்டிக் கிடைப்பது ஓர் அறை. அறையைப் பாய்க் கணக்கில் அளப்பது அவர்கள் வழக்கம். நான்கரைப் பாய் அறை, ஆறு பாய் அறை என்பார்கள். நம் கோரைக்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு புல்லில் பின்னிய பாய்தான் அது. செருப்பை வாசலில் விட வேண்டும் என்று நம் பையனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் குப்பைக்குப் பாடம் நடத்துவார்கள். எரிகிற குப்பை ஒரு நாள், எரியாதது ஒரு நாள், பாட்டிலுக்கு வேறொரு நாள். நாள் மாறி வைத்தால் மூட்டை அப்படியே வாசலில் கிடக்கும். அரிசி கிடைக்கும், ஆனால் குழைந்து ஒட்டும் அரிசி, பொங்கலுக்கு ஆகும். குழம்பிலே மீன் சாறு கலந்திருக்கும், கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

இவை எல்லாம் பழகிவிடும். பழகாதது பசியும் தூக்கமும்.

பகலிலே மொழிப் பள்ளி. பொது வழக்குக்கு என்று ஜப்பானிய அரசு வகுத்திருக்கும் சித்திர எழுத்துகள் மட்டும் 2,136! நம் 247-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விட்டதும் வேலை: இரவெல்லாம் திறந்திருக்கும் கடைகளிலே பொட்டலம் அடுக்குவது, உணவு விடுதியிலே தட்டுக் கழுவுவது. இதில் இழிவு ஏதுமில்லை. ஜப்பானிய மாணவனும் பக்கத்தில் நின்று அதே தட்டைத்தான் கழுவுகிறான். அங்கே பள்ளிக் குழந்தைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே பெருக்குகிறார்கள். கை வேலைக்குக் கூசாத நாடு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் தோழர்களே, தரகர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. படிக்கப் போனவன் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். நீண்ட விடுமுறையில் மட்டும் நாளைக்கு 8 மணி வரை செய்யலாம். மீறினால் விசா நீளாது. ஊருக்குத் திருப்பியும் அனுப்பிவிடுவார்கள்.

கணக்குப் போடுவோமா? 2024 அக்டோபரில் டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,163 யென். 28 மணிக்கு 32,564 யென். நான்கு வாரத்துக்கு ஏறத்தாழ 1,30,000. மொழிப் பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு ஏழெட்டு லட்சம் யென். மாதத்துக்குப் பிரித்தால் 62,000 என்று வையுங்கள். சிறிய அறைக்கு வாடகை 50,000. மிச்சம் 18,000. அதிலேதான் சாப்பாடு, ரயில், காப்பீடு, துணிமணி, எல்லாம்! இங்கே தகப்பன் 5 லட்சம் ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாத வட்டி 10,000 ரூபாய். அன்றைய மதிப்பிலே பதினேழாயிரத்துச் சொச்சம் யென். மிச்சம் என்று சொன்னோமே, அது வட்டிக்கே போயிற்று. அசல் எங்கே? பிள்ளையின் சோறு எங்கே?

அதனால்தான் இரவு வேலைக்கு ஓடுகிறான். இரவு 10 மணிக்கு மேல் கூலி நாலில் ஒரு பங்கு கூடுதல். விடியற்காலையில் வந்து விழுவான், வகுப்பிலே தூங்குவான். வருகை குறைந்தால் விசாவுக்கு ஆபத்து. டோக்கியோவிலே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து 3 ஆண்டுகளில் 1,600-க்கும் மேற்பட்ட அயல்நாட்டு மாணவர் இருக்குமிடம் தெரியாமல் போனார்கள் என்ற செய்தி 2019-இல் அந்த நாட்டையே உலுக்கியது.

ஏன் இத்தனை பேரை அழைக்கிறார்கள்? 1983-இல் ஒரு லட்சம் மாணவர் வேண்டும் என்றது ஜப்பானிய அரசு. 2008-இல் மூன்று லட்சம் என்றது. 2023-இல், 2033-க்குள் நான்கு லட்சம் என்றது. அறிவைப் பங்கிடும் ஆசை இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கிழவர்கள் பெருகி, பிறப்புக் குறைந்து, கடைக்கும் விடுதிக்கும் கை போதாத நாடு அது. மாணவன் புத்தகத்தோடு இரண்டு கையையும் கொண்டு வருகிறான் அல்லவா!

நெசவாளித் தோழர்கள் அறிய வேண்டிய பழைய செய்தி ஒன்று உண்டு. கியோத்தோ நகரத்திலே நிஷிஜின் என்பது நம் காஞ்சியைப் போன்ற பட்டு நெசவுப் பகுதி. அரசர் தலைநகரை டோக்கியோவுக்கு மாற்றிக்கொண்டதும் வாங்குவார் இல்லாமல் தறிகள் ஓய்ந்தன. கியோத்தோ நிர்வாகம் என்ன செய்தது? 1872-இல் சாகுரா, இனோவே, யோஷிதா என்ற மூவரை, அரசாங்கச் செலவிலே, பிரான்சின் லியோன் நகரத்துக்குத் தொழில் படிக்க அனுப்பியது! இருவர் ஜக்கார்டு கருவியோடு திரும்பினார்கள். மூன்றாமவர் யோஷிதா, திரும்பும் வழியில் 1874-இல் ஜப்பான் கரையருகே கப்பல் மூழ்கி இறந்தார். வந்த கருவியைப் பார்த்து, 1877-இல் அராகி என்ற உள்ளூர்க் கைவினைஞர் மரத்திலேயே ஒன்று செய்துவிட்டார். நிஷிஜின் பிழைத்தது.

அந்த மூவரும் வீட்டை அடகு வைத்தா போனார்கள்?

இன்றும் கௌரவமான வழி இல்லாமல் இல்லை. 1954 முதல் ஜப்பானிய அரசே உதவித்தொகை தருகிறது. இளநிலை மாணவனுக்கு மாதம் 1,17,000 யென், ஆராய்ச்சி மாணவனுக்கு 1,43,000 யென் என்பது 2024 நிலவரம். கல்விக் கட்டணம் இல்லை. விமானச் செலவும் அவர்களுடையது. இடம் மிகக் குறைவு, தேர்வு கடுமை. சென்னையிலுள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்திலே கேட்டால் விவரம் சொல்வார்கள். தரகருக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. சென்னையிலேயே ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற சங்கம் மொழி வகுப்பு நடத்துகிறது. ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் அமைத்த சங்கம் அது. மொழித் தேர்வுக்கு ஐந்து படிகள். இங்கேயே இரண்டு மூன்று படி ஏறிவிட்டுப் போகிறவன் தட்டுக் கழுவும் இடத்திலிருந்து கல்லாவுக்கு நகர்வான். ஒன்றும் தெரியாமல் போகிறவனுக்கு முதல் மாதங்களில் அந்த 28 மணி நேர வேலைகூடக் கிடைப்பது அரிது.

ஆனால் செவிலிமேட்டுப் பையன் வாரம் மூன்று முறை சென்னைக்குப் போய் வந்தால் தறி என்னாவது? கோர்வைச் சேலைக்கு இரண்டாவது கை வேண்டுமே! ஆகவேதான் நாம் கேட்கிறோம். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவரின் அயல்நாட்டு உயர்படிப்புக்கு அரசு உதவித்தொகை இருக்கிறது. நல்ல திட்டம், வளரட்டும். நெசவாளியின் பிள்ளைக்கும் அதுபோல ஒன்று வரட்டும். பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர் பிள்ளைகளுக்காக இதைப் பேசட்டும். காஞ்சிபுரம் 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. மாலை நேரத்தில் ஒரு பள்ளிக்கூட அறை, ஒரு மொழி ஆசிரியர். இதற்கு மாதம் எவ்வளவு செலவாகும் என்று உங்கள் வட்டத்து உறுப்பினரை அடுத்த கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள்.