முகவரி சரி, ஆள் சரியா?

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுப் பகுதிகளில் பெண்களைச் சந்திக்கும்போது என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "மகள், ஈமெயில் போட்டாச்சி. போய்ச் சேர்ந்திச்சா இல்லயா எண்டு எப்பிடித் தெரியும்?"

வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கும் மகளின் சம்பளப் பாக்கி, 1990 இல் காணாமற்போன கணவரைப் பற்றிய முறைப்பாடு, 2004 சுனாமிக்குப் பின் தொடர்பு விட்டுப்போன உறவினர் என்று ஒவ்வொரு கடிதத்திற்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் காத்திருப்பு இருக்கிறது. அதனுடன் அடையாள அட்டைப் பிரதி, கடவுச்சீட்டுப் பிரதி போன்றவையும் இணைக்கப்படுகின்றன. தவறான கைக்குப் போனால் திரும்பப் பெற முடியாதவை இவை. எனவே அனுப்பும் முன் முகவரியைச் சோதிப்பதும், சோதனையின் முடிவைச் சரியாக விளங்கிக்கொள்வதும் அவசியம்.

மின்னஞ்சல் முகவரிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. @ என்ற அடையாளத்திற்கு முன்னால் இருப்பது ஆளின் பெயர். பின்னால் இருப்பது தபாற்கந்தோரின் பெயர் போன்றது. 1971 இல் ரே டொம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இவ்விரண்டையும் பிரிக்க @ ஐப் பயன்படுத்தினார். முகவரியைச் சோதிக்கும் சேவைகள் முதலில் அந்தத் தபாற்கந்தோர் இருக்கிறதா என்று பார்க்கும். பின்னர் அங்குள்ள கணினியிடம், இந்தப் பெயருக்கு வரும் கடிதத்தை ஏற்பீர்களா என்று கேட்கும். கிடைக்கும் பதிலைப் பொறுத்து முடிவு மூன்று விதமாக வரலாம்.

'செல்லாது' என்றால் அப்படி ஒரு பெயரோ தபாற்கந்தோரோ இல்லை. பெரும்பாலும் இது எழுத்துப் பிழைதான். ஒரு புள்ளி, ஓர் எழுத்து, 'கொம்' என்பதற்குப் பதில் 'கொன்' என்று அடித்தது காரணமாகலாம். கடிதத்தை விட்டுவிடாமல் முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

'தெரியாது' என்றால் அந்தக் கணினி பதில் சொல்ல மறுத்துவிட்டது, அல்லது எந்தப் பெயரைக் கேட்டாலும் 'ஆம்' என்கிறது. 1982 இல் வெளியான மின்னஞ்சல் விதிமுறையில், ஒரு பெயர் உண்டா என்று கேட்பதற்கென்றே ஒரு கட்டளை இருந்தது. குப்பைக் கடிதம் அனுப்புவோர் அதைக் கொண்டு முகவரி திரட்டியதால் பெரும்பாலான சேவைகள் அந்த வழியை மூடிவிட்டன. ஆகவே 'தெரியாது' என்பதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

'செல்லுபடியாகும்' என்ற மூன்றாவது முடிவில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கடிதம் வாசல் வரை போகும் என்பதே அதன் பொருள். கதவைத் திறப்பவர் யார் என்று எந்தச் சோதனையும் சொல்வதில்லை.

இதற்கு நல்ல உதாரணம் யாகூ நிறுவனம் 2013 இல் செய்த மாற்றம். 12 மாதங்களுக்கு மேல் பயன்படுத்தப்படாத முகவரிகளை அது மீட்டெடுத்து, விரும்பிய வேறு ஆட்களுக்கு வழங்கியது. பழைய ஆளுக்கு வந்த கடிதங்கள் புதியவருக்குப் போய்ச் சேர்ந்ததாக அப்போதே முறைப்பாடுகள் எழுந்தன. கூகுள் இரண்டு வருடங்கள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் அழிக்கத் தொடங்கியது. ஆனால் அழிந்த ஜிமெயில் முகவரியை அது வேறொருவருக்குக் கொடுப்பதில்லை. அங்கு அனுப்பும் கடிதம் திரும்பி வந்துவிடும்.

சுனாமிக் காலத்தில் கொப்பியில் எழுதிவைத்த மைத்துனரின் யாகூ முகவரிக்கு மகளின் கடவுச்சீட்டுப் பிரதியை அனுப்ப ஒரு சகோதரி ஆயத்தமாக இருந்தார். சோதனையில் 'செல்லுபடியாகும்' என்றே வந்தது. சலாமும் நலம் விசாரிப்பும் மட்டும் எழுதி, பிரதியை இணைக்காமல் முதலில் அனுப்பும்படி சொன்னேன். பதில் இல்லை. உறவினர் ஒருவர் மூலம் தொலைபேசியில் பிடித்துக் கேட்டபோது, அந்த முகவரியைக் கைவிட்டுப் பல வருடங்கள் என்றார் மைத்துனர். கடவுச்சீட்டுப் பிரதி சகோதரியின் கையிலேயே பத்திரமாக இருந்தது.

அனுப்பிய பின் 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால் பயந்து அழித்துவிடாதீர்கள். அது திரும்பி வந்த தபால். அதில் 5 இல் தொடங்கும் மூன்றிலக்க எண் இருந்தால் கடிதம் ஏற்கப்படவில்லை. 550 என்பது பெரும்பாலும் பெயர் இல்லை என்பதையும், 552 பெட்டி நிரம்பிவிட்டது என்பதையும் குறிக்கும். 4 இல் தொடங்கினால் அது தற்காலிகத் தடங்கல். கணினி தானாகவே சில நாட்கள் மீண்டும் முயலும்.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. உறவினரின் முகவரியைத் தொலைபேசியில் அவரது வாயாலேயே கேட்டு உறுதிசெய்யுங்கள். அடையாளப் பத்திரங்களை அதன் பின்னரே அனுப்புங்கள்.

2. அரச நிறுவனம் என்று சொல்லி ஜிமெயில் முகவரி தரப்பட்டால், பிரதேச செயலகத்திலோ அந்நிறுவனத்தின் தொலைபேசியிலோ விசாரித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

3. அலுவலகப் பொது முகவரிகளைப் பலர் திறந்து பார்ப்பர். வன்முறை பற்றிய விபரங்களை அங்கே எழுதாமல், பொறுப்பான அதிகாரி யார் என்று மட்டும் முதலில் கேளுங்கள்.

4. சங்க உறுப்பினர்களின் முகவரிப் பட்டியலை இலவசச் சோதனைத் தளங்களில் ஏற்றாதீர்கள். சோதிக்கக் கொடுப்பதும் பிறர் கையில் கொடுப்பதுதான். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது.

5. முறைப்பாடு அனுப்பினால் பதிவிலக்கம் கேட்டு வாங்குங்கள். முக்கியமானதைப் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

முறைப்பாட்டிற்கு என்ன நடந்தது என்று எந்தத் தகவலும் இல்லாவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச அலுவலகத்திடம் கேட்கலாம். எழுத இயலாதவர் வாயாற் கேட்டால் தகவல் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். தகவலை வழங்குவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும்.

எழுதிய கடிதத்திற்குப் பதில் வராததை நம் பெண்கள் பலர், 'நம்மள ஆரும் கணக்கெடுக்கல்ல' என்று நினைத்து ஓய்ந்துவிடுகிறார்கள். சில வேளை அந்தக் கடிதம் எவருடைய மேசைக்கும் போயே இருக்காது. கைவிடும் முன், அது எங்கே போனது, யார் கையில் கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். கேட்பது நமது உரிமை.